பொனற்றுக்குக் கீழே ஒரு சரித்திரம்



கடந்த மாதம் எமது ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் மாதிரிக் கார்களைப் பற்றி நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும், "தம்பி, வருமான வரி பற்றிச் சொல்லுவீர் எண்டு பாத்தன், விளையாட்டுக் காரைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைச்சீர்" என்று குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நான் தொழிலால் ஒரு கணக்காளன். வர்த்தகப் பட்டதாரி. ஸ்பானரும் குறடும் என் கைக்குப் பழக்கமானவை அல்ல. ஆனாலும் கடந்த பத்து வருடங்களாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உட்காருவது ஒரு சிறிய மேசையில், ஒரு காரின் என்ஜின் அறைக்கு முன்னால்தான். அந்த என்ஜின் அறை என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு, நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அளவு என்னும் கணக்கு

மாதிரிக் கார்களில் எல்லாம் அளவில்தான் தொடங்குகிறது. 1/25 என்றால் உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 1/12 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1/8 என்றால் எட்டில் ஒரு பங்கு. எங்கள் ஊரில் ஓடிய மொறிஸ் மைனர் கார் ஏறத்தாழ 3.76 மீற்றர் நீளம். அதை 1/25 அளவில் செய்தால் 15 சென்ரிமீற்றர், சட்டைப்பையில் வைக்கலாம். 1/12 அளவில் 31 சென்ரிமீற்றர். 1/8 அளவில் 47 சென்ரிமீற்றர்; அதற்கென்று மேசையில் தனியாக ஓர் இடம் ஒதுக்க வேண்டும், வீட்டுக்காரியிடம் அனுமதியும் பெற வேண்டும்.

அளவு பெருக்கப் பெருக்கப் பொறுப்பும் கூடும். பிளக்குக்குப் போகும் தடித்த வயர் உண்மைக் காரில் 7 மில்லிமீற்றர் விட்டம். 1/25இல் அது 0.28 மில்லிமீற்றர், தலைமயிரை விடச் சில மடங்கு தடிப்பு, அவ்வளவுதான். இல்லாவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள். 1/8இல் அதே வயர் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீற்றர். பொனற்றைத் திறந்தவுடன் கண்ணில் படும். அது இல்லையென்றால் இல்லாதது தெரியும். பெரிய அளவு மாதிரியில் எதையும் மறைக்க முடியாது என்பது அதன் கஷ்டம். அதுதான் அதன் கவர்ச்சியும்.

என்ஜின் இல்லாத கார்கள்

ஆரம்பகால மாதிரிக் கார்களுக்குள் என்ஜினே கிடையாது. காரணம், அவை காரின் வெளித் தோற்றத்துக்காகச் செய்யப்பட்டவை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஆதரவுடன் 1930 முதல் 1968 வரை 'ஃபிஷர் பொடி கைவினைஞர் கழகம்' என்ற பெயரில் இளைஞர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றை மாதிரியாகச் செய்ய வைத்தார்கள். பின்னர் 1930களின் பிற்பகுதியில் எதிர்காலக் காரை வடிவமைத்து, மரத்திலோ சாந்திலோ செதுக்கும் போட்டியும் சேர்ந்தது. பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்கள் பரிசாகக் கிடைத்தன. 1947இல் இதில் வென்ற சார்ள்ஸ் ஜோர்டன் பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். ஆனால் அந்த மாதிரிகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே கட்டியான மரம்தான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்ரிக் வந்தது. 1948இல் தொடங்கிய ஏ.எம்.ரி. என்ற அமெரிக்க நிறுவனம், கார் விற்பனை நிலையங்களுக்காக 1/25 அளவில் சிறிய கார்களைச் செய்து கொடுத்தது. புதுக் கார் பார்க்க வருகிறவரின் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அது உதவியது. அதற்கும் என்ஜின் தேவைப்படவில்லை. 1958இல் அதே நிறுவனம் அந்தக் கார்களைப் பாகங்களாகப் பிரித்து, விரும்பிய மூன்று வடிவங்களில் ஒன்றாகப் பொருத்தலாம் என்று பெட்டியில் போட்டு விற்றபோதுதான் பையன்கள் கேட்கத் தொடங்கினார்கள்: பொனற் ஏன் திறக்கவில்லை? பிறகு வந்த 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் போன்ற பெட்டிகளில் என்ஜினும் சேர்ந்தது. ரென்வால் என்ற நிறுவனம் 1/4 அளவில், உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் போவது வெளியே தெரியும்படி, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்கில் ஒரு வீ8 என்ஜினையே தனியாக விற்றது. பிள்ளைகளுக்கு என்ஜின் மேல் இருந்த ஆசையை அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் கதை வேறு. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றடைத்த பொம்மைகள் செய்தார், போருக்குப் பின் தலைசீவும் சீப்பு செய்தார். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம், தன் விற்பனையாளர்கள் காட்டுவதற்கென்று ஒரு சிறிய டிராக்டர் மாதிரியைச் செய்து தரும்படி அவரிடம் கேட்டது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஏர்ஃபிக்ஸ் மாதிரிகளின் வரிசை அந்த டிராக்டரில்தான் ஆரம்பமானது. இந்த டிராக்டரை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பெரிய அளவு வந்த கதை

1960களில் மூன்று நாடுகளில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பெரிய அளவு மாதிரிகள் வந்தன.

அமெரிக்காவில் மொனோகிராம் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 1/8 அளவில் பழைய ஃபோர்ட் கார்களை வெளியிட்டது. இத்தாலியின் ரூரின் நகரத்துப் போச்சர் நிறுவனம் அதே பத்தாண்டின் பிற்பகுதியில், 1907ஆம் ஆண்டு ஃபியட் பந்தயக் காரை 1/8இல் செய்தது. அதன் பின் அல்ஃபா ரோமியோ, ரோல்ஸ் ரோய்ஸ், மெர்சிடஸ், புகாட்டி என்று வரிசையாக வந்தன. போச்சரின் ரோல்ஸ் ரோய்ஸ் பெட்டியில் 2000க்கும் மேற்பட்ட பாகங்கள் இருந்தன. பிளாஸ்ரிக்குடன் பித்தளை, உருக்கு, தோல் எல்லாம் உண்டு. சில்லின் கம்பிகளைக்கூட சைக்கிள் கடையில் கோர்ப்பது போல ஒவ்வொன்றாக நாமே கோர்க்க வேண்டும்.

யப்பானில் ஷிசுவோக்கா நகரத்தில் மர வியாபாரமாகத் தொடங்கியது தாமியா. பின்னர் மர மாதிரிகள் செய்யத் தொடங்கினார்கள். 1960இல் பிளாஸ்ரிக்குக்கு மாறினார்கள். 1967இல் ஹொண்டாவின் ஆர்.ஏ.273 பந்தயக் காரை 1/12 அளவில் வெளியிட்டார்கள். பந்தயக் காரில் என்ஜின் மூடியில்லாமல் பின்னால் வெளியே இருக்கும். ஆகவே மாதிரி செய்பவனுக்கு ஒளிக்க இடமில்லை. 1976இல் போர்ஷே 934 காரை 1/12இல் செய்ய முற்பட்டபோது, நிறுவனத்தை நடத்திய ஷுன்சாக்கு தாமியா ஒரு உண்மையான போர்ஷே 911 காரையே விலை கொடுத்து வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி அளந்தார். கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே தொழில்நுட்பவியலாளரின் உதவி தேவைப்பட்டதாம். 2025இல் தமது 90ஆவது வயதில் மறைந்த அவர், மாதிரி செய்வதற்கு முதல் உண்மையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை எங்களுக்கு விட்டுச் சென்றார்.

இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் 1971இல் 1930ஆம் ஆண்டுப் பென்ற்லி காரை 1/12இல் வெளியிட்டது. றேடியேற்றருக்கு முன்னால் பெரிய காற்றழுத்தியைத் துருத்திக்கொண்டு ஓடிய பந்தயக் கார் அது. நான் முதன்முதலில் ஒட்டிய பெரிய மாதிரி இதுதான். மெல்பேணில் ஒரு பழைய சாமான் சந்தையில், பெட்டி கிழிந்த நிலையில் வாங்கினேன்.

பெட்டியில் வராதவை

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் இவ்வளவு பாடுபட்டுச் செய்தும், ஏன் எல்லா வயரும் குழாயும் பெட்டியில் வருவதில்லை? இதற்கு விடை அச்சில் இருக்கிறது.

பிளாஸ்ரிக் பாகங்கள் உருக்கு அச்சில் வார்க்கப்படுகின்றன. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்து மூடும். உருகிய பிளாஸ்ரிக் அழுத்தத்துடன் உள்ளே போகும். குளிர்ந்ததும் பாதிகள் பிரியும். பாகம் அச்சிலிருந்து நேராக வெளியே வர வேண்டும். ஆகவே உள்ளே வளைந்த குழியோ குடைவோ இருக்க முடியாது. மிக மெல்லிய இடங்களுக்குப் பிளாஸ்ரிக் போய்ச் சேருவதற்குள் இறுகிவிடும். அப்படியே போனாலும், 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் கம்பி வயர் மாதிரித் தொய்ந்து வளையாது. ஈர்க்கு மாதிரி முறியும். அச்சு வெட்டுவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய செலவு. ஒவ்வொரு மேலதிகப் பாகமும் அந்தச் செலவைக் கூட்டும். எனவே நிறுவனம் ஓர் இடத்தில் கோடு கீறி, இதற்கு மேல் இல்லை என்று நிறுத்திக்கொள்கிறது. எந்தச் செலவுக் கணக்காளனும் அதைத்தான் ஆலோசனையாகச் சொல்லியிருப்பான்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளதை நாங்களே வெட்டி, வளைத்து, துளைத்துச் செய்கிறோம். இதற்கான சாமான்களில் பாதி கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய தொலைபேசிக் கேபிளை உரித்தால் மெல்லிய செப்புக் கம்பி கிடைக்கும். ஈயப் பற்றாசுக் கம்பி விரலால் வளைக்கும்போதே சொன்ன இடத்தில் நிற்கும். பிரேக் குழாய்க்கும் றேடியேற்றர் குழாய்க்கும் அதை விடச் சிறந்தது இல்லை. கித்தார்க் கம்பி, முறுக்குக் கம்பி சுற்றிய குழாய்க்கு உதவும். பால்மா ரின்னின் உள்மூடித் தகட்டை மெல்லிய கீலமாக வெட்டினால் குழாயை இறுக்கும் வளையம். பிளாஸ்ரிக் தகடும் கோலும் மட்டும் பொழுதுபோக்குக் கடையில் வாங்க வேண்டும், 0.5 மில்லிமீற்றர் துளைகருவியும் அங்கேதான்.

டிஸ்ரிபியூற்றர் செய்வதை உதாரணமாகச் சொல்கிறேன். நாலு சிலிண்டர் என்ஜின் என்றால் அதன் மூடியில் ஐந்து துளைகள். நடுத் துளைக்கு மின்சுருளிலிருந்து வரும் வயர். சுற்றியுள்ள நாலு துளைகளிலிருந்து நாலு பிளக்குக்கு. பலர் இங்கே பிழை விடுவார்கள். வயர்களை வரிசையாக 1, 2, 3, 4 என்று கொழுவிவிடுவார்கள். ஆனால் மொறிஸ் மைனரின் என்ஜின் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. அந்த ஒழுங்கில் கொழுவாவிட்டால் உண்மைக் கார் இருமிவிட்டு நின்றுவிடும். மாதிரிக் கார் எப்படியும் ஓடப்போவதில்லைதானே என்று கேட்கலாம். ஓடாத காரில்தான் பிழையைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. ஆகவே நாங்களே கவனமாக இருக்க வேண்டும்.

பற்றரியும் அப்படித்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இன்றைய காரைப் பார்த்து அன்றைய காருக்கு வயர் பூட்டினால் சரித்திரம் தலைகீழாகிவிடும்.

இந்தக் கலையை ஒரு தொழிலாகவே உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜெரல்ட் விங்ரோவ் பெரும்பாலும் 1/15 அளவில், பெட்டியெதுவும் இல்லாமல், பித்தளையும் தகடும் கடைசல் இயந்திரமுமாக ஒவ்வொரு பாகத்தையும் தாமே ஆக்கினார். தம் முறைகளை மறைத்து வைக்காமல் நூலாகவும் எழுதினார். அமெரிக்கரான லூயிஸ் செனொற் 1932ஆம் ஆண்டு டியூசன்பெர்க் காரை 1/6 அளவில் ஏறத்தாழப் பத்து வருடங்கள் உழைத்துச் செய்தார். 6000க்கும் மேற்பட்ட பாகங்கள். அதன் எட்டுச் சிலிண்டர் என்ஜின் உண்மையிலேயே ஓடியது. இவர்களோடு ஒப்பிட்டால் நான் அரிச்சுவடி படிக்கும் பிள்ளை.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

இனி என் கதைக்கு வருகிறேன்.

அப்பாவிடம் 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. 803 சிசி என்ஜின். அதை வைத்து ஹயர் ஓடினார். எங்கள் படிப்புச் செலவெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பற்றரி உட்படப் பல பொருட்கள் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி நாங்கள் வானொலி கேட்ட காலம் அது. இந்த நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் உட்காரும்போதெல்லாம், யாரோ ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்ட அந்த முற்றம் எனக்கு நினைவுக்கு வரும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இளம் நேயர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். புதுக் கார்கள் கைவிட்டுவிட, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் சோமசெற்றும் வீதியில் ஓடின. காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. கூடிய அழுத்தத்தில் நேரம் தப்பி எரிந்து என்ஜினைத் தட்டும். புதிய என்ஜின்கள் காற்றையும் எரிபொருளையும் கடுமையாக அமுக்குபவை. அப்பாவின் காரின் அமுக்க விகிதம் 7.2க்கு 1 மட்டுமே. அதோடு அந்த என்ஜினில் உள்ளிழுக்கும் குழாயும் புகை போகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. புகைக் குழாயின் சூடு மேலே ஏறி மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது.

ஆனால் குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. அதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். ஒரு சிறிய போத்தலில் பெற்றோல்; அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் காபறேற்றருக்கு. ஸ்ராட் ஆகி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பெற்றோல் பொன்னாக விற்ற காலம். அப்பா அதை இருமல் மருந்து மூடியால் அளந்துதான் ஊற்றுவார். கைக்கு வரும் காசை விட அந்த மூடிக் கணக்கைத்தான் அவர் கவனமாக எழுதி வைத்தார். நான் கணக்குப் படித்தது பல்கலைக்கழகத்தில் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

இதை எங்கள் மெக்கானிக்மார் வெறும் வெளியில் இருந்து கண்டுபிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நீர் இறைக்கும் இயந்திரங்கள் நெடுங்காலமாகவே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. அவர்களுடைய கைக்கு அது பழகிய வேலை. இனி அந்த ஏர்ஃபிக்ஸ் டிராக்டருக்குத் திரும்புவோம். ஃபெர்குசன் டிராக்டரின் ஒரு வகையும் இதே முறையில் ஓடியதுதான். போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் உழவர்களுக்கென, பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எண்ணெய்க்கு மாற்றும்படி தொழிற்சாலையிலேயே அமைத்துக் கொடுத்தார்கள். அங்கே அது விற்பனைப் பத்திரத்தில் அச்சிடப்பட்ட சிறப்பம்சம். எங்கள் ஊரில் அது ஒரு போத்தலும் ஒரு குழாயும் ஒரு மனிதனின் கைப்பழக்கமும்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக் கரி பிடிக்கும். புகை கண்ணை எரிக்கும். என்ஜினுடைய ஆயுள் நாளாந்தம் குறைவதை அறிந்துகொண்டுதான் அப்பா ஓடினார். ஆஸ்பத்திரிக்கு என்று இரவில் யாராவது வந்து படலையைத் தட்டினால் அவர் எண்ணெயைப் பற்றி யோசித்ததில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, அந்தச் சனநெருக்கடியில் காரை எடுக்க முடியவில்லை. கொட்டிலில் விட்டுவிட்டு நடந்தோம். 1996இல் அப்பா திரும்பிப் போனபோது வெறும் கூடு மட்டும் நின்றதாம். என்ஜின் இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். பிறகு எழுதவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

போத்தல் எந்தப் பக்கம்?

பென்ற்லியை முடித்த பிறகு எனக்குத் தோன்றியது: ஆங்கிலேயப் பிரபு ஓட்டிய காருக்கு இவ்வளவு பாடுபட்டு வயர் பூட்டினேன், அப்பாவின் காருக்கு? எனக்கு வேண்டிய அளவில் மொறிஸ் மைனர் பெட்டி எதுவும் அகப்படவில்லை. ஆகவே 1/8 அளவில், காரின் முன்பாதியை மட்டும், பிளாஸ்ரிக் தகட்டிலும் மரத்திலும் நானே செய்வதென்று தீர்மானித்தேன். இங்கே மெல்பேணில் மொறிஸ் மைனர் வைத்திருக்கும் ஒருவர் தம் கராஜில் மூன்று சனிக்கிழமைகள் என்னை அளக்க விட்டார். அளவுநாடாவும் கணக்குப் புத்தகமுமாக நான் அவருடைய காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து தந்தார்.

என்ஜினுக்குப் பச்சை நிறம், சுவரோடு பொருத்திய பெற்றோல் பம்பு, பற்றரித் தட்டு எல்லாம் சரியாக வந்தன. பிறகு போத்தலுக்கு வந்தேன். எங்களிடம் அந்த என்ஜின் அறையின் படம் ஒன்றுகூட இல்லை. கார் நிற்கும் படங்கள் இரண்டு உண்டு. இரண்டிலும் பொனற் மூடியிருக்கிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் காரின் முன்னால் நின்று படம் எடுப்போம். பொனற்றைத் திறந்து யார் படம் எடுத்தார்கள்?

என் நினைவில் போத்தல் இடப்பக்கம், காபறேற்றருக்கு மேலே தொங்கியது. கனடாவில் இருக்கும் அண்ணா, வலப்பக்கம் என்றார். ஒரு மாதம் தொலைபேசியில் வாதாடினோம். கணக்குப் பிழைத்தால் இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோமே, அப்படி ஒப்பிட ஒரு மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. ஊரில் அப்பாவின் காரைப் பார்த்த கராஜ்கார அண்ணையைத் தேடிப்பிடித்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"இடப்பக்கம் புகைக்குழாய் இருக்குதடா. அதுக்கு மேல பெற்றோலைத் தொங்கவிட்டால் காரும் மிஞ்சியிராது, கொப்பரும் மிஞ்சியிருக்க மாட்டார். நான்தான் வலப்பக்கச் சுவரில தகரப் பட்டி அடிச்சுக் கட்டினனான். குழாய்தான் இங்காலை வரும்."

உடனே மேசைக்குப் போய்ப் பார்த்தேன். போத்தலை எட்டில் ஒரு பங்காகச் செய்து வைத்திருந்தேன். இடப்பக்கம் வைத்தால் அது புகைக்குழாய்க்கு நேர் மேலே வந்தது. பொனற்றும் முழுதாக மூடவில்லை. வலப்பக்கச் சுவரில் வைத்தால் இடம் தாராளமாக இருந்தது. சிறுவயதில் எங்கள் கண் பார்த்தது அப்பாவின் கையை. அந்தக் கை குழாயின் நுனியைப் பிடித்துக் காபறேற்றரில் விட்டது இடப்பக்கம்தான். கையை நினைவில் வைத்திருந்தேன். போத்தலை நானாகச் சேர்த்துக்கொண்டேன். நினைவு விட்ட பிழையை மாதிரி பிடித்துத் தந்தது. வெறும் எழுத்தில் இதை நான் எழுதியிருந்தால், இடப்பக்கம் என்றே எழுதியிருப்பேன். யாரும் மறுத்திருக்கவும் மாட்டார்கள்.

முடிந்ததும் இங்குள்ள ஒரு மாதிரிக் கார்ப் போட்டிக்குக் கொண்டுபோனேன். நடுவர் ஒருவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். வயர் ஒழுங்கையும் பற்றரியையும் பாராட்டினார். பிறகு போத்தலைச் சுட்டிக்காட்டி, தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அசலில் இல்லாத பாகம் என்று புள்ளி குறைத்தார்கள். விதிப்படி அது சரி. நானும் விதிகளோடு வாழ்கிறவன்தான். ஆனால் 1954இல் ஒக்ஸ்ஃபோர்ட்டுத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கார் ஒன்று, 1992இல் எங்கள் வீட்டு ஒழுங்கையில் நின்ற கார் இன்னொன்று. நான் செய்தது இரண்டாவதை. முடிவு அறிவித்த பிறகு அந்த நடுவர் தனியாக வந்து, போத்தல் எப்படி வேலை செய்தது என்று கேட்டார். அரை மணித்தியாலம் கதைத்தோம். தம் தகப்பனாரும் போருக்குப் பிறகு அப்படி ஒரு டிராக்டர் வைத்திருந்தவர் என்று சொன்னார்.

இப்போது அந்த மாதிரிக்குக் கீழே ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறேன். கணக்கறிக்கையின் பின்னால் குறிப்புகள் எழுதுவோமல்லவா, அதுபோல. அளந்து செய்தவை எவை, கேட்டுச் செய்தவை எவை, ஊகித்துச் செய்தவை எவை என்று மூன்று நிரல்கள். போத்தலின் இடம் இரண்டாவது நிரலில். தகரப் பட்டியின் அகலம் மூன்றாவதில்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டு அல்பங்களில், அந்த வருடங்களில் ஓடிய கார், மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் படங்கள் இருந்தால், முக்கியமாக மூடி திறந்த நிலையில் இருந்தால், தயவுசெய்து நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். படம் இல்லாவிட்டால், அதைத் திருத்திய கை யாருடையது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுதுங்கள். கராஜ்கார அண்ணையைப் போன்றவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.

வருமான வரி பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: அடுத்த மாதம் கட்டாயம் அதைப் பற்றித்தான் கதைப்பேன்.